தேர்தலுக்குப் பிறகு அமெரிக்காவில் இனப் பகை கூடிவிட்டதா?

மகளுக்கு வடக்கு கரோலினாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு அங்கே வெள்ளையர், கருப்பர், நம்மைப் போலக் குடியேறியவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்பதாகச் செய்திகளில் பார்க்கிறீர்கள். உண்மையிலேயே இனப் பகை கூடிவிட்டதா, இல்லை டிவிக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்களா என்பது உங்கள் கேள்வி.

ஒபாமா வென்ற வருடம், 2008ல், ராலே பக்கம் வந்து இறங்கியவன் நான். அன்றிலிருந்து இதே ஊர்தான். அமெரிக்கா முழுவதையும் பற்றிப் பேசுவதைவிட இந்த ஒரு மாநிலத்தை வைத்துப் பதில் சொல்வது எனக்குச் சுலபம். உங்கள் மகள் வரப்போவதும் இங்கேதானே.

என் பதில் இதுதான்: கல்யாண வாசலில் பகை நிறையக் குறைந்திருக்கிறது. வாக்குச்சாவடி வாசலில் குறையவில்லை. ஒவ்வொரு தேர்தலும் நம்மை அந்த இரண்டாவது வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதால், பார்க்கிற நமக்கு எல்லாம் சேர்ந்து மோசமாகிவிட்டது போலத் தெரிகிறது.

முதல் வாசலைச் சொல்கிறேன். இரண்டு கூட்டம் எவ்வளவு நெருக்கம் என்று தெரிய வேண்டுமானால் நம் ஊரில் என்ன கேட்போம்? பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களா என்றுதானே. அமெரிக்காவிலும் அதையே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையரும் கருப்பரும் கல்யாணம் செய்துகொள்வது சரியா என்று 1958ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது சரி என்றவர்கள் 4 சதவீதம். அதே வருடம் வாஷிங்டன் போய்த் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியா திரும்பிய ஒரு கலப்புத் தம்பதியை, நடு ராத்திரியில் படுக்கையறைக்குள் டார்ச் அடித்து எழுப்பிக் கைது செய்தார்கள். அந்த லவிங் தம்பதியின் வழக்கில் 1967ல் உச்ச நீதிமன்றம் கலப்புக் கல்யாணத் தடைச் சட்டத்தைத் தூக்கி எறிந்தபோதும் 16 மாநிலங்களில் தடை இருந்தது. 2021ல் கேலப் மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. சரி என்றவர்கள் 94 சதவீதம். ஒரு தேசத்தின் மனது அறுபது வருடத்தில் இவ்வளவு புரண்டதற்கு வேறு உதாரணம் எனக்குச் சட்டென்று தோன்றவில்லை.

ஆனால் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. எதிர்க் கட்சிக்காரர் வீட்டில் உங்கள் பிள்ளை சம்பந்தம் செய்தால் வருத்தமா என்று 1960ல் கேட்டார்கள். வருத்தம் என்றவர்கள் சுமார் 5 சதவீதம். 2010ல் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர் வருத்தம் என்றார்கள். அதுவும் ட்ரம்ப் வருவதற்கு ஆறு வருடம் முன்னால். அதாவது மருமகனின் தோல் நிறத்தைப் பார்ப்பது குறைந்த அதே காலத்தில், அவன் வீட்டு வாசலில் நட்டிருக்கும் கட்சிப் பலகையைப் பார்ப்பது கூடியிருக்கிறது.

இரண்டும் தனித்தனி விஷயம் என்றால் பிரச்சினை பாதியாகிவிடும். தனித்தனியாக இல்லை. அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். அதனால் உள்நாட்டுப் போருக்குப் பின் ஓட்டுரிமை பெற்ற கருப்பினத்தவர் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். தெற்கு வெள்ளையர்களின் கட்சி ஜனநாயகக் கட்சி. இன்றைய நிலைக்கு நேர் தலைகீழ். இது புரியாவிட்டால் அமெரிக்க வரலாறு படிக்கிற யாருக்கும் தலை சுற்றும். எனக்கும் முதல் இரண்டு வருடம் சுற்றியது.

1890களில் வடக்கு கரோலினாவில் ஒரு விசித்திரக் கூட்டணி. கடனில் மூழ்கிய வெள்ளை விவசாயிகளின் மக்கள் கட்சியும், கருப்பினத்தவர் பெரும்பலமாக இருந்த குடியரசுக் கட்சியும் கைகோத்து 1894லும் 1896லும் ஜெயித்தன. அப்போது மாநிலத்தின் மிகப் பெரிய ஊர் வில்மிங்டன் துறைமுகம். ஜனத்தொகையில் பாதிக்கு மேல் கருப்பர். கவுன்சிலில் கருப்பர், போலீஸில் கருப்பர், கடைத்தெருவில் கருப்பர். அலெக்சாண்டர் மேன்லி என்ற கருப்பின ஆசிரியர் நடத்திய 'டெய்லி ரெக்கார்ட்' என்ற பத்திரிகையும் இருந்தது.

1898 நவம்பர் 8ஆம் தேதி மாநிலத் தேர்தல். அதற்கு முன் பல மாதமாக ஜனநாயகக் கட்சி நடத்திய பிரசாரத்துக்கு அவர்களே வைத்த பெயர் வெள்ளையர் மேலாதிக்கப் பிரசாரம். மறைத்துப் பேசுகிற வழக்கமெல்லாம் பிறகு வந்தது. ராலே பத்திரிகையில் முதல் பக்கத்தில் கருப்பரை அரக்கராக வரைந்த கேலிச்சித்திரம். சிவப்புச் சட்டை போட்ட துப்பாக்கிப் படை குதிரையில் ஊர் ஊராகச் சுற்றியது. ஆல்ஃபிரட் வாடெல் என்ற பழைய எம்.பி., கேப் ஃபியர் ஆறு பிணங்களால் அடைத்துக்கொண்டாலும் சரி, இனி விடமாட்டோம் என்று மேடையில் பேசினார். மிரட்டியும் கள்ள ஓட்டுப் போட்டும் மாநிலத் தேர்தலில் ஜெயித்தார்கள்.

கவனிக்க வேண்டியது அடுத்த இரண்டு நாள். வில்மிங்டன் நகராட்சிக்கு அந்த வருடம் தேர்தலே கிடையாது. அடுத்த வருடம் வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. நவம்பர் 10ஆம் தேதி காலை ஆயுதக் கும்பல் போய் மேன்லியின் அச்சகத்தைக் கொளுத்தியது. மேன்லி அதற்கு முன்பே ஊரைவிட்டுத் தப்பியிருந்தார். எரிந்த கட்டடத்தின் முன்னால் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கல்யாண கோஷ்டி போல நேராக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். பிறகு தெருவில் கருப்பர்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் 14 என்பார்கள், 60க்கு மேல் என்பார்கள். யாரும் எண்ணி வைக்கவில்லை. குடும்பம் குடும்பமாகச் சதுப்பு நிலத்திலும் சுடுகாட்டுப் பக்கமும் ஒளிந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மேயரையும் கவுன்சிலர்களையும் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்து, வாடெல் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதைப் பாடப் புத்தகத்தில் நெடுங்காலம் 'இனக் கலவரம்' என்று எழுதினார்கள். இருதரப்பும் அடித்துக்கொண்டது போல. மாநிலமே நியமித்த குழு 2006ல் அறிக்கை கொடுத்த பிறகுதான் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதம் இரண்டு வருடம் கழித்து வந்தது. 1900ல் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். ஓட்டுப் போட வேண்டுமானால் சாசனத்தின் ஒரு பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும், பதிவு அதிகாரிக்குத் திருப்தி ஆக வேண்டும். வாசிக்கத் தெரியாத வெள்ளையர் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்தார்கள்: 1867 ஜனவரி 1க்கு முன்பே ஓட்டுரிமை இருந்தவர்களின் வாரிசுக்குப் பரீட்சை வேண்டாம். அன்று கருப்பர் யாருக்கு ஓட்டு இருந்தது? ஒரு இடத்திலும் 'கருப்பர்' என்ற வார்த்தை இல்லாமல் காரியம் முடிந்தது. இந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், இருந்த ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901ல் வெளியேறினார். தென் மாநிலங்களிலிருந்து அடுத்த கருப்பின உறுப்பினர் உள்ளே போனது 1973ல்.

எழுதப்படிக்கத் தெரிய வேண்டும் என்ற அந்த வரியை நீக்கலாமா என்று 1970ல் வாக்காளர்களைக் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். மத்தியச் சட்டத்தால் செல்லாக்காசாகிப்போன வரி, ஆனாலும் அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மாநில சாசனத்துக்குள் அப்படியே கிடந்தது.

கட்சிகள் இடம் மாறிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 ஜூலையில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எதிர்த்து ஓட்டுப் போட்ட செனட்டர் கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி அந்த வருடமே வேட்பாளராக நிறுத்தியது. நாடு முழுக்க அவர் மண்ணைக் கவ்வினார். ஆனால் மிசிசிப்பியில் 87 சதவீதம் வாங்கினார். கருப்பரில் பெரும்பாலோரை அங்கே ஓட்டுப் போடவே விடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜான்சனுக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் வெள்ளையரில் பெரும்பான்மை கிடைத்ததில்லை, ஒபாமா உட்பட. இனக் கோடும் கட்சிக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தது இப்படித்தான். ஆகவே இங்கே இரண்டு கட்சியும் தேர்தல் விதிகளுக்காகச் சண்டை போட்டால், எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் அதில் இனம் தெரியும்.

1965 வாக்குரிமைச் சட்டம் ஒரு காவல் வைத்தது. பழைய குற்றப் பட்டியல் உள்ள மாநிலங்களும் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் விதியை மாற்ற நினைத்தால் முதலில் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். வடக்கு கரோலினாவின் 40 கவுண்டிகள் அந்தப் பட்டியலில். 2008ல் ஒபாமா இந்த மாநிலத்தை வெறும் 14,000 சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். 1976க்குப் பிறகு இங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த வாரமே, நவம்பர் 8ஆம் தேதி, வில்மிங்டனில் 1898க்கான நினைவிடத்தைத் திறந்தார்கள். 16 அடி உயரத்தில் ஆறு வெண்கலத் துடுப்புகள். நான் வந்து சில மாதமே ஆகியிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பழைய கணக்கை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். புதிதாக வந்தவன், வேறு எப்படி நினைப்பேன்.

2013 ஜூன் 25ஆம் தேதி ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் காவலை எடுத்தது. நிலைமை மாறிவிட்டது, இனித் தேவையில்லை என்பது காரணம். நனையவில்லை என்பதற்காக மழை பெய்யும்போதே குடையைத் தூக்கிப் போடுவதா என்று நீதிபதி ரூத் கின்ஸ்பர்க் மாற்றுத் தீர்ப்பில் கேட்டார். மழைக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாளே வடக்கு கரோலினாவில் ஒரு மூத்த குடியரசுக் கட்சி மாநில செனட்டர், தேர்தல் விதிகளை மாற்றும் முழு மசோதாவையும் இனிக் கொண்டுவரலாம் என்றார். சில வாரத்தில் வந்தது: புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் 17லிருந்து 10, அன்றே பதிவு செய்து அன்றே ஓட்டுப் போடும் வசதி ரத்து. கருப்பினச் சபைகள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் வைத்து ஜனங்களை ஓட்டுச்சாவடிக்கு அழைத்துப் போவது இங்கே வழக்கம்; அதற்கு இருந்த இரண்டு ஞாயிறுகளில் ஒன்று போயிற்று. எந்த இனத்தவர் எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை முதலில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் சட்டம் எழுதியிருந்தார்கள். 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ரத்து செய்தபோது, அறுவை சிகிச்சை போலத் துல்லியமாகக் கருப்பினத்தவரைக் குறிவைத்த சட்டம் என்று எழுதியது.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். அடையாள அட்டை கேட்பதில் என்ன தப்பு என்று நம்மவர்கள் பலர் கேட்பார்கள். கருத்துக்கணிப்புகளில் கருப்பினத்தவரிலும் பெரும்பான்மையோர் அதை ஆதரிக்கிறார்கள். வேறு வடிவில் இப்போது இங்கே அட்டைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, ஓட்டுப் பதிவு ஒன்றும் படுத்துவிடவில்லை. என் சந்தேகம் அட்டை மேல் இல்லை. எந்த அட்டை செல்லும், எந்த அட்டை செல்லாது என்று பட்டியல் எழுதுகிற கை மேல்தான்.

தொகுதி வரைவதும் அப்படித்தான். 1960ல் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் நான்கு கருப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கியது இந்த மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில். அவர்கள் படித்த கருப்பினப் பல்கலைக்கழகத்தின் நடுவிலேயே 2016 தொகுதி வரைபடம் கோடு போட்டது. விடுதி ஒரு தொகுதி, வகுப்பு இன்னொரு தொகுதி. வரைந்த குடியரசுக் கட்சி இதை மறைக்கவில்லை: 13ல் 10 இடம் எங்களுக்கு வருமாறு வரைந்தோம், 11 வருமாறு வரைய முடியவில்லை என்று சட்டசபையிலேயே சொன்னார்கள்.

சரி, 2024. இங்கேதான் உங்கள் செய்திச் சேனல் சொல்கிற கதை முட்டுகிறது.

முதலில் கெட்டது. தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து, வடக்கு கரோலினா உட்படப் பல மாநிலங்களில் கருப்பின மக்களின் போனுக்கு, கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட, பெயர் தெரியாத குறுஞ்செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பருத்தி பறிக்க நீ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய், சாமான்களைக் கட்டிக்கொண்டு தயாராக இரு என்று. எஃப்பிஐ விசாரணையில் இறங்கியது. அதே வாரம் என் அலுவலகத்தில் ஒரு கருப்பினத் தோழி, மகளுக்கு வந்ததை எனக்குக் காட்டினார். அச்சடித்த அழைப்பு மாதிரி மரியாதையான வாசகம். பிள்ளையின் பெயரைச் சரியான எழுத்தோடு போட்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை, யாரிடமிருந்து நம்பர் போயிருக்கும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை மட்டும் பார்த்தால் 1898 திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே தேர்தலில் மாநில கவர்னர் பதவிக்கு நின்றவர்களைப் பாருங்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் மார்க் ராபின்சன், கருப்பர். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜாஷ் ஸ்டைன், வெள்ளை யூதர். ராபின்சனைச் சுற்றிச் சர்ச்சை மேல் சர்ச்சை; ஸ்டைன் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், கருப்பினத்தவர் ஆதரவு பெரும்பாலும் அவருக்கே. அதே நாள், அதே சீட்டில், மாநிலம் ட்ரம்பை ஜெயிக்க வைத்தது.

தெற்கே ராப்சன் கவுண்டி. லம்பி என்ற பழங்குடியினர், கருப்பர், வெள்ளையர், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்று யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத ஏழைக் கிராமப்புறம். ஒபாமாவுக்கு இரண்டு முறையும் ஓட்டுப் போட்டது. 2016லிருந்து மூன்று முறையும் ட்ரம்புக்கு. டெக்சஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டி, கிட்டத்தட்ட முழுக்க லத்தீனோ. 2016ல் ட்ரம்புக்கு அங்கே ஐந்தில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. 2024ல் பாதிக்கு மேல். குடியரசுக் கட்சி அங்கே கடைசியாக ஜெயித்தது 1892ல்! மளிகை விலை, எல்லைக் காவல் வேலை, சபைக்குப் போகிற பழக்கம் என்று காரணம் அடுக்குவார்கள். எனக்குப் பட்டது: வெள்ளையர் அல்லாதவர்கள் எல்லாரும் தங்கள் பாக்கெட்டில் இருப்பதாக ஜனநாயகக் கட்சி நினைத்தது, அப்படி நினைப்பது அந்த ஜனங்களுக்கே தெரிந்துவிட்டது.

நம்மூர்த் தொடர்பும் உண்டு. தேர்தல் அன்று மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகக் கோயிலில் பூஜை நடந்ததே, அதை இங்கே டிவியில் காட்டினார்கள். எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் அந்தப் படத்தைப் பெருமையாகப் போட்டார்கள். அதில் இருவர் ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவர்கள். அன்று ராத்திரியே குழு இரண்டாக உடைந்தது; தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முறுக்கு கைமாறிய வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு பேசிக்கொள்வதில்லை. கட்சிச் சம்பந்தம் பற்றி மேலே சொன்ன கணக்கு நமக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் இனக் கோடு கலைகிறதா? ஓட்டில் கொஞ்சம் கலைகிறது. ஆனால் தேர்தல் முடிந்தபின் நடக்கிற சண்டை இன்னும் பழைய இடத்தில்தான். 2024ல் இந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் தேர்தல் நடந்தது. இங்கே நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். 55 லட்சம் ஓட்டில் ஜனநாயகக் கட்சி நீதிபதி ஆலிசன் ரிக்ஸ் 734 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மறு எண்ணிக்கையிலும் அதேதான். தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜெஃபர்சன் கிரிஃபின் ஒப்புக்கொள்ளவில்லை. 60,000க்கு மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ள வேண்டும் என்று வழக்குப் போட்டார். பதிவுத் தாளில் ஓட்டுநர் உரிம எண் இல்லை என்பது பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டு. பல வருடமாக ஓட்டுப் போட்டு வந்தவர்கள், பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள். ரிக்ஸின் அப்பா, அம்மா பெயரும் அதில் இருந்தது. ஆறு மாதம் இழுத்தது. கடைசியில் 2025 மே 5ஆம் தேதி, ட்ரம்ப் நியமித்த ஒரு மத்திய நீதிபதிதான், ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு நாளில் கிரிஃபின் ஒதுங்கினார்.

1898ல் துப்பாக்கி. இப்போது வக்கீல். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. 2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் ஒருவன் அடிமை மாநிலங்களின் போர்க்கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்ததைப் பார்த்த பிறகு அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் மகள். வளாகத்தில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பக்கத்து அறைப் பெண்ணோடு சண்டை வந்தால் சமையல் வாசனைக்காக வரும், ஓட்டுக்காக வராது. விசா விதிகள் எப்போது மாறும் என்ற கவலை நியாயமானது, அதற்குக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சலை ஒன்றுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். கருப்பினத்தவரைப் பற்றி நம் ஆட்கள் இங்கே ரகசியமாகப் பேசும் சில பேச்சுகளை, வந்த முதல் மாதமே யாராவது அவர் காதில் ஓதுவார்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகவும் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று அந்த அலுவலகத்தில் கேட்பார்கள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிற வழக்கமான கேள்வி. தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று தலையாட்டினாலோ, திரையில் அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டாலோ, குடிமகள் என்று பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். விசாவே போகலாம், பிறகு எந்தக் காலத்திலும் கிரீன் கார்டு கிடைக்காமலும் போகலாம். அங்கே மட்டும் நிதானமாகப் படித்து, இல்லை என்று அழுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.